வாடையை விரட்டிய நாரை

அந்தக் காலத்தில், பறவைகளும் தெய்வங்களும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்தபோது, கிரேக்க நாட்டு ஹெலிக்கான் மலையில் கலைத் தெய்வங்களான ஒன்பது சகோதரிகள் வாழ்ந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார்கள். திறந்தால் பாட்டு மறந்துவிடும். ஒருத்தி குரலை ஒருத்தி காதால் பிடித்துக்கொண்டே போவதுதான் அவர்கள் வழக்கம்.

அவர்களோடு சேர்ந்து பாட அந்த மலையில் இருந்த செங்கால் நாரைக்குக் கொள்ளை ஆசை. குரலோ, தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் இருக்கும். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க!

“ஏண்டி நாரை, கொஞ்சம் வாயை மூடேன். பாட்டு கெடுதுல்ல?” என்பாள் மூத்தவள் கல்லியோப்பி. நாரை அழுதுகொண்டே பாறைக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஒருநாள் வாடைக்காற்று சீறிக்கொண்டு வந்தான்.

“இந்த மலை எனக்கு வேணும். நீங்க பாடுங்க, நான் ஊதுறேன். பாட்டு நடுவுல அறுந்துதோ, மலை என்னுது. அப்புறம் இங்கே பனிதான், பாட்டே கிடையாது!”

சகோதரிகள் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார்கள். வாடை ஊதிய ஊதலில் ஒருத்தி பாடுவது மற்றவளுக்குக் கேட்கவில்லை. ஒருத்தி முந்தினாள், இன்னொருத்தி பிந்தினாள். பாட்டு அறுந்துவிடும்போல் இருந்தது.

நாரை பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே ஓடிவந்தது. திட்டினால் திட்டட்டும் என்று பாறை உச்சிக்குத் தாவி, “தா! தை! தா! தை!” என்று கத்தியது. வாடை அதன் தொண்டைக்குள்ளேயே பனியை ஊதினான். குரல் ஒரேயடியாகப் போயிற்று. நாரையா விடும்? தலையை முதுகுவரை சாய்த்து, மேல் அலகைக் கீழ் அலகோடு தட்டியது. டக டக டக டக!

அந்தச் சத்தத்தை வாடையால் அமுக்க முடியவில்லை. முதலில் கல்லியோப்பி அந்தத் தாளத்தைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னே ஒவ்வொருத்தியாகப் பிடித்தார்கள். ஒன்பது குரலும் ஒன்றாக எழுந்தபோது மலையே கூத்தாடியது. ஊதி ஊதி மூச்சிரைத்துப்போன வாடை, வாலைச் சுருட்டிக்கொண்டு வடக்கே ஓடினான்.

கல்லியோப்பி கண் திறந்து நாரையைக் கட்டிக்கொண்டாள். “என் தங்கமே, போன குரலைத் திருப்பித் தரட்டுமா?”

வேண்டாம் என்று நாரை தலையை ஆட்டியது. சந்தோஷம் தாங்காமல் மறுபடி அலகைத் தட்டியது. ஒன்பது தெய்வங்களும் அதன் தாளத்துக்கு ஆடினார்கள்.

அன்று முதல்தான் செங்கால் நாரை கத்துவதே இல்லை. வாடை ஓய்ந்து இளவேனில் பிறந்ததும் கூட்டில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, ஜெயித்த தாளத்தை ஊரே கேட்கத் தட்டுகிறது.