மயக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது

உப்பங்கழியின் நடுவே ஒரு மணல்திட்டு. அதன்மேல் கீற்று வேய்ந்த ஒரு குடில். அங்கே குருவம்மா ஒருவர் இருந்தார். பெயர் சுந்தரம்மை.

குரு என்றதும் நரைத்த தலையையும் கைத்தடியையும் நினைத்துக்கொள்கிறவர்கள் அதை இங்கேயே அழித்துவிடலாம். சுந்தரம்மைக்குத் தலையில் ஒரு நரை கிடையாது. அவரைத் தேடி வருகிற தில்லைநாயகிதான் வயதில் மூத்தவள். அதனால் குரு சிஷ்யையை "அக்கா" என்பார். சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். முதல்முறை கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் தலை சுற்றும். அவர்கள் இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

தில்லைநாயகி கரையோர ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடிபட்டு நினைவு தப்பியவர்கள், நினைவு திரும்புமா என்று தெரியாமல் நெடுநாளாகப் படுத்திருப்பவர்கள், இவர்கள் இருக்கும் மாடி வார்டு அவளுடையது.

அன்று மதியம் அவள் படகில் வந்தாள். சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் கிளைகளைக் கோத்துக்கொண்டு நின்றன. வெயில் இலைகளில் வடிந்து பச்சையாகத் தண்ணீரில் விழுந்தது. துடுப்பின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. வழக்கமாக இந்த வழியில் அவளுக்குக் கண் சொக்கும். தான் போகிறோமா, மரங்கள் போகின்றனவா என்றுகூடத் தெரியாது. அன்று சொக்கவில்லை. நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது.

குடிலுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னாள்.

"நாளைக்கு வேலையை விடறேன் அம்மா. தம்பி வீட்டோட போய் இருந்துக்கறேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணி அனுப்பணும்."

சுந்தரம்மை பாய் விரித்துக்கொண்டிருந்தார். "முதல்ல தண்ணி குடிங்கக்கா" என்றார்.

குடித்தாள். பிறகு கொட்டித் தீர்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள். பெரிய டாக்டர், அவர்தான் முதலாளி, நர்ஸுகள் எல்லாரும் இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் வர வேண்டும் என்று சொல்லியனுப்பினார். தில்லைநாயகிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வார்டு வேலையை முடித்து, முகம் கழுவி, புதுசாகப் பொட்டு வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். போனதும் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து வாசலில் நிற்க வைத்துவிட்டார்கள்.

"வர்றவங்க மேல எல்லாம் பன்னீர் தெளிச்சேன். மேடையில பெரிய டாக்டர் நன்றி சொல்ல ஆரம்பிச்சார். இன்ஜினியருக்கு. பெயிண்ட் அடிச்சவங்களுக்கு. பந்தல்காரருக்கு. சமையல்காரருக்கு. கரண்டு போனப்ப ஜெனரேட்டர் கைகொடுத்துச்சுன்னு அதுக்கும் ஒரு நன்றி. எல்லாரும் சிரிச்சாங்க. நர்ஸுங்கன்னு ஒரு வார்த்தை வரும், வரும்னு செம்பைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்."

"வந்துச்சா?"

"தேசிய கீதம் வந்துச்சு."

சுந்தரம்மை சிரிக்கவில்லை.

"அவர் செஞ்சது தப்பா இல்லையா? நீங்களே சொல்லுங்கம்மா."

"தப்புதான்."

தில்லைநாயகி இதை எதிர்பார்க்கவில்லை. 'பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய்' என்று ஏதாவது வரும், அதற்குச் சுடச்சுடக் கொடுக்கலாம் என்று படகிலேயே பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். 'தப்புதான்' என்று குருவே சொன்னதும் அந்தப் பதில்களுக்கு வேலை இல்லாமல் போனது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"அப்ப விட்டுடவா?"

"விடறதும் விடாததும் உங்க இஷ்டம். எனக்கு இப்ப தூக்கம் வருது." சுந்தரம்மை பாயில் மல்லாந்து படுத்தார். "நான் உங்க வார்டுல படுத்திருக்கிற ஆளு. நினைவில்லை. என்னை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, பார்ப்போம்."

"இப்பவா அம்மா?"

பதில் இல்லை. கையும் காலும் துவண்டு கிடந்தன.

குருமார்களிடம் இதுதான் தொல்லை. ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். தில்லைநாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். காதருகே குனிந்தாள்.

"அம்மா, நான் தில்லைநாயகி. உங்களை இடது பக்கமாத் திருப்பப் போறேன். முதல்ல தோளைத் தொடறேன். தொட்டுட்டேன். இப்ப முட்டியை மடக்கறேன். பயப்படாதீங்க, பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆச்சு. முதுகுக்கு முட்டுக் கொடுக்கறேன். காது மடங்கியிருக்கு, எடுத்து விடறேன். அவ்வளவுதான்."

அந்த வார்டில் அவள் கொண்டுவந்த பழக்கம் அது. நினைவே இல்லாதவராக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்னது செய்யப் போகிறேன் என்று சொல்லாமல் அவள் கை வைப்பதில்லை. புதிதாக வரும் நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

சுந்தரம்மை நிஜமாகவே தூங்கிப்போனார். மூச்சு சீராக வந்தது. வெளியே கடல் நீர் கழிக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. தண்ணீர் மணலைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது. சலிப்போடு காவல் உட்கார்ந்திருந்த தில்லைநாயகி மூங்கில் தூணில் தலை சாய்த்தாள். அதற்குப்பிறகு கண்ணைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

அவளுடைய வார்டு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. சுவர்கள் இல்லை. சுரபுன்னைகளுக்கு நடுவே கட்டில்கள் ஒவ்வொன்றாக, எந்த அவசரமும் இல்லாமல், படகுபோல நகர்ந்தன. சலைன் பாட்டில்கள் கிளைகளில் தொங்கின. அவள் முழங்கால் தண்ணீரில் கட்டில் கட்டிலாகப் போனாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"மாசிலாமணி அண்ணே, வாய் துடைக்கறேன்" என்றாள் பஸ் டிரைவரிடம். "ரஹமத் அக்கா, தலை வாரிவிடறேன், சிக்கு இருக்கு, மெதுவா எடுக்கறேன்" என்றாள் வளையல் கடைக்காரியிடம். ஒவ்வொருவரும் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மெல்ல நகர்ந்து போனார்கள்.

கடைசிக் கட்டிலில் பெரிய டாக்டர் படுத்திருந்தார். கழுத்தில் ரோஜா மாலை, தோளில் பொன்னாடை. கண்கள் மூடியிருந்தன. உதடுகள் மட்டும் யார் யாருக்கோ நன்றி சொல்லி அசைந்தன. அவள் மாலையைக் கழற்றினாள். நார் உறுத்திச் சிவந்த இடத்தைத் துடைத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டில் அவளைத் தாண்டி மரங்களுக்குள் போய் மறைந்தது.

கண் விழித்தபோது சுந்தரம்மை எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா போயிட்டு வந்தீங்க?"

சொன்னாள். சொல்லச் சொல்லக் கனவு கரைந்துகொண்டே வந்தது. பெரிய டாக்டரின் கட்டில் மட்டும் கரையவில்லை.

"அவர்கிட்ட மட்டும் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"அவருக்குச் சொல்லணுமா? அவர் பெரிய டாக்டர்."

"கனவை விடுங்க. அவர் வார்டுக்கு வர்றப்ப எதுவும் சொல்றதுண்டா?"

"சொல்லுவேனே. ஜுரம் எவ்வளவு, மூத்திரம் எவ்வளவு போச்சு, எல்லாம் சொல்லுவேன்."

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு?"

தில்லைநாயகிக்குச் சுருக்கென்றது. "நானே போய் என் பெருமையைப் பேசணுமா? கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு நன்றியா அம்மா?"

"மாசிலாமணி அண்ணன்கிட்ட நன்றி வாங்கத்தான் தினமும் சொல்றீங்களா?"

"சேச்சே! அவர் எங்கம்மா நன்றி சொல்லப் போறார்?"

"பின்ன எதுக்கு?"

தில்லைநாயகி யோசித்தாள். சிரித்தவர்கள் உண்டு, கிண்டல் செய்தவர்கள் உண்டு. எதற்கு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"தன்னைச் சுத்தி என்ன நடக்குதுன்னு தெரியாம ஒருத்தர் கிடக்கக் கூடாதும்மா. பாவம் இல்லையா? யார் தொடறாங்க, எதுக்குத் தொடறாங்கன்னு தெரியணும். கேக்குதோ கேக்கலையோ, நாம சொல்லிடணும்."

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. கைகளை மடியில் போட்டுப் பிசைந்தாள்.

"என்னக்கா?"

"அன்னைக்கு விழா முடிஞ்சு வார்டுக்குப் போனேன். மாசிலாமணி அண்ணனைத் திருப்பிப் போடற நேரம். ஒரு வார்த்தை சொல்லலை அம்மா. மூட்டையைப் புரட்டற மாதிரி புரட்டிட்டேன். அவர் உடம்பு அப்படியே விறைச்சுக்கிச்சு." பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். "அப்பதான் முடிவு பண்ணேன். இன்னும் கொஞ்ச நாள் அங்க இருந்தா எல்லாரையும் அப்படித்தான் புரட்டுவேன். அதுக்கு முன்னாடி போயிடணும்."

இதுதான் அவளைக் கழி தாண்டி வரவைத்தது. பன்னீர்ச் செம்பு வெளியே சொல்லிக்கொள்ள வசதியான காரணம்.

சுந்தரம்மை எழுந்து பாயை உதறி விரித்து, மறுபடியும் மல்லாந்து படுத்தார்.

"இன்னொரு தடவை திருப்பணுமா அம்மா?"

"திருப்ப வேண்டாம். சொன்னா போதும். இப்ப நான் பெரிய டாக்டர்." கண்களை மூடிக்கொண்டார்.

தில்லைநாயகி அசையவில்லை. மாசிலாமணி அண்ணனாக இருந்தால் வாய் தானாகத் திறந்திருக்கும். பெரிய டாக்டர் என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்து படகைப் பார்க்கப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் கண் மூடிக் கிடக்கிற ஒருவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு வராது. மண்டியிட்டாள். கைகளைத் தேய்த்துக்கொண்டாள். குனிந்தாள்.

"ஐயா, நான் தில்லைநாயகி."

குரல் எழும்பவில்லை. செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.

"ஐயா, நான் தில்லைநாயகி. உங்க மாடி வார்டு நர்ஸ். நம்ம வார்டுல யாருக்கும் படுக்கைப் புண் கிடையாது. நீங்க வந்து முதுகைப் பார்த்துட்டு 'குட்'னு சொல்லிட்டுப் போவீங்க. அது தானா வராம இருக்கலை ஐயா. நாங்க வரவிடலை. திருப்பிப் போட்டு, துடைச்சு, பவுடர் போட்டு, மறுபடி திருப்பிப் போட்டு... என் இடுப்பு போச்சு. போன வருஷம் ஒரு டீச்சரம்மா கண்ணைத் திறந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அவங்களுக்கு என் முகம் தெரியலை. நான் பேசினதும் 'நீங்கதான் தில்லைநாயகியா'ன்னு கேட்டாங்க. நீங்க வந்து, மருந்து நல்லா வேலை செஞ்சிருக்குன்னு சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.

"அன்னைக்கு முகம் கழுவி, பொட்டு வச்சுக்கிட்டு ஆசையா வந்தேன் ஐயா. கையில செம்பைக் கொடுத்து வாசல்ல நிக்க வச்சீங்க. எனக்கு வலிச்சுது. ரொம்ப வலிச்சுது. அந்தக் கோபத்தை நினைவில்லாத மனுஷன் மேல காட்டிட்டேன். உங்களைச் சுத்தி என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் சொல்றேன். கேக்குதா ஐயா?"

சுந்தரம்மையின் இமைகூடத் துடிக்கவில்லை.

தில்லைநாயகி காத்திருந்தாள். ஏறிவந்த தண்ணீரின் வெளிச்சம் கீற்றுக்கூரையின் உட்புறத்தில் நெளிந்தது. இன்னும் குனிந்து, காதை ஒட்டி, "ஐயா" என்றாள்.

ஒன்றும் இல்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்க அம்மா, இவ்வளவு சொல்லியும் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை."

மூடிய கண்களோடு சுந்தரம்மை கேட்டார்.

"உங்க வார்டுல யாராவது முதல் நாளே கண்ணைத் திறந்திருக்காங்களா, அக்கா?"