மலை ஏறிய பேச்சுக் கல்

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் தட்டையான கல் ஒன்று கிடந்தது. அதன் மேல் நின்று யார் எதைச் சொன்னாலும் அரசர் தடுக்கக் கூடாது. பட்டம் ஏறும் ஒவ்வோர் அரசரும் அந்தக் கல்லை முகர்ந்து பார்த்து அப்படிச் சத்தியம் செய்வது அங்கே வழக்கம். காட்டெருமை அரசர் செங்கொம்பனும் செய்திருந்தார்.

கரையோரச் சரளைக்கற்களுக்கு நடுவே ஓர் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. குளிக்க வந்த அரசரின் கூட்டம் பழைய பாதையை விட்டுக் குறுக்கே மிதித்துக்கொண்டு வந்தது. இரண்டு முட்டைகள் நொறுங்கின. இரண்டு மிஞ்சின.

குருவி கல்லின் மேல் ஏறிக் கத்தியது. "அரசே! நல்ல பாதை இருக்கிறதே! என் வீட்டின் மேல் ஏன் நடக்கிறீர்கள்? கண் தெரியவில்லையா?"

தவளைகள் சிரித்தன. செங்கொம்பனுக்கு வெட்கமாகிவிட்டது.

"மந்திரி, சத்தியத்தையும் மீறக் கூடாது. இந்தக் கத்தலும் என் காதில் விழக் கூடாது. வழி சொல்!" என்றார்.

நரி மந்திரி வாலை ஆட்டியது. "கல்லின் மேல் பேசலாம் என்றுதானே சத்தியம்? கல் எங்கே இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்?"

அரசர் தலையாட்டினார். காட்டுப்பன்றிகள் கல்லை முட்டி முட்டி மலை உச்சிக்கு உருட்டிச் சென்றன.

"இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் பேசு அம்மா! யாரும் தடுக்க மாட்டார்கள்!" என்றது நரி, கல்லோடு பறந்து வந்த குருவியிடம்.

"கேட்க யார் இருக்கிறார்கள்?"

"அது சத்தியத்தில் இல்லையே!"

குருவி விடவில்லை. உச்சியில் நின்று கத்தியது. "என்னதான் சொல்கிறாள்?" என்று ஒரு மைனா பறந்து போனது. பின்னாலேயே மற்ற மைனாக்களும் போயின. மான்களும் முயல்களும் ஏறின.

மாலையில் செங்கொம்பன் குளத்தில் இறங்கினார். ஆகா, என்ன அமைதி! கொஞ்ச நேரத்தில் முதுகு அரித்தது. உண்ணி பொறுக்கும் மைனாக்களைக் காணோம். மரத்தில் தேய்த்தார். தீரவில்லை.

"மைனாக்கள் எங்கே?"

நரி தரையைப் பார்த்தது. "மலை மேல், அரசே. பேச்சுக் கேட்க..."

மூச்சு வாங்க அரசர் மலை ஏறினார். குருவி அவரைப் பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"இரண்டு முட்டைதான் மிச்சம்! நாளைக் காலையில் கூட்டம் வந்தால் அதுவும் போகும்! அரசர் காதில் இதைச் சொல்லத்தானே இந்தக் கல்?"

எல்லா விலங்குகளும் அரசரைப் பார்த்தன. அரசர் கல்லைப் பார்த்தார்.

"முதுகு அரித்ததும் நான் ஓடி வந்தேன். நீ முட்டையை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வர வேண்டியதாயிற்று. தப்பு என்னுடையதுதான்" என்றார். பிறகு நெற்றியால் கல்லை முட்டினார். "மந்திரி, முன்னால் ஓடு! கீழே இருப்பவர்களை எச்சரி!"

"ஒதுங்குங்கள்! கல் வருகிறது!" என்று நரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடியது.

"இன்னும் சத்தமாக, மந்திரியாரே! யாரும் தடுக்க மாட்டார்கள்!" என்றது குருவி.

மறுநாள் கூட்டம் பழைய பாதையில் வந்தது. சில நாட்களில் குஞ்சுகள் பொரிந்தன. குருவி மறுபடியும் குளக்கரைக் கல்லில் ஏறியது.

"இப்போது என்ன குறை?" என்று கேட்டார் செங்கொம்பன்.

"பாதையில் முள் கிடக்கிறது, அரசே! பார்த்து வாருங்கள்!"

முதுகில் மைனாக்கள் உட்கார்ந்திருக்க, அரசர் காதை நீட்டிக் கேட்டார்.

பேசுகிறவரின் குரல் தன் காதுக்கு எட்டும்படி விடுகிற அரசுதான் பேச்சுரிமையை மதிக்கிற அரசு.