குரல் கொடுத்தால் வருபவர்கள்

"நாளையிலேர்ந்து நான் வர மாட்டேன், டீச்சர்" என்றாள் மைமூன்.

ஆபிதா அவளைவிட வயதில் சின்னவள்; அவளை அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிடுவாள். தெருக் குளத்தில் தென்னந்தட்டி மறைப்புக் கட்டி, முஸ்லிம் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பவள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மைமூனே சொன்னாள். ஜமாஅத் தலைவர் உதுமான் மாமு ஆள் அனுப்பியிருந்தாராம். பெண்களுக்கு எதற்கு இந்த வேலை, யாராவது விழுந்தால் ஒரு குரல் கொடுங்கள், நாங்கள் ஓடி வருகிறோம் என்றாராம். அதைச் சொல்ல மட்டும் அவர் ஓடி வரவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்துக்கு வாங்க, லாத்தா" என்றாள் ஆபிதா.

மைமூனுக்கு எரிச்சல். சொன்னதற்குப் பதில் சொல்லாமல் நாள் குறிக்கிறாளே என்று முனகிக்கொண்டே போனாள்.

ஆனாலும் வந்தாள். போன மழையில் அவள் தங்கை மகன் இந்தக் குளத்தில்தான் மூழ்கிப் போனான். மைமூன் கரையில் நின்று கத்தினாள். கத்த மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் முங்குறேன். நீங்க குரல் குடுங்க."

ஆபிதாவின் தலை மறைந்தது. மைமூன் சும்மாதான் கத்தத் தொடங்கினாள். இரண்டாவது தடவை குரல் தானாக உடைந்தது.

கதவுகள் திறந்தன. மாவுக் கையோடு ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி என்று தெருவே கரைக்கு ஓடி வந்தது. வந்து நின்று, அவளோடு சேர்ந்து கத்தியது.

ஆபிதா மேலே வந்தாள்.

"வந்தது யாரு, லாத்தா?"

"பொம்பளைங்க. ஆம்பளைங்க எல்லாரும் தொழுகையில இருக்காங்களே."

"அவங்க மேல குத்தமில்ல. வந்தவங்கள்ல தண்ணியில இறங்குனது யாரு?"

மைமூனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று முதலில் அவளுக்கே விளங்கவில்லை. தன் மேல்தான் என்று விளங்கியதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் படி இறங்கினாள். பக்கத்தில் நின்றவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

தொழுகை முடிந்து வந்த உதுமான் மாமு, தட்டிக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். உள்ளே ஒரே தண்ணீர்ச் சத்தம்.

"நான் சொல்லியனுப்பினேனே, மைமூன்" என்றார்.

"சொன்னீங்க, மாமு" என்றாள் மைமூன் உள்ளிருந்தே. "குரல் குடுத்துப் பாத்தோம். வந்தவங்களுக்குக் கத்துக் குடுத்துக்கிட்டிருக்கோம்."