கம்ப்யூட்டருக்கு வாய் போன கதை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு வாய் இருந்தது. அதற்குள் குடியிருந்த புரோகிராம்களும் பேசும். சும்மா இல்லை, வீட்டு ஆள் மாதிரி உரிமையோடு பேசும்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு டைப் அடித்துக் கொடுக்கும் தவமணியிடம் அப்படி ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் கூடவே பிறந்தது எழுதுபலகை என்ற சின்னப் புரோகிராம். திற, தட்டு, அச்செடு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தவமணிக்கும் அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஒருநாள் காலை பத்து மணிக்குப் பேச்சியக்கா வந்து நின்றாள். மேலத்தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு எழுதிய மனு, நாற்பது வீட்டுப் பெயரோடு எழுதுபலகையில் தயாராக இருந்தது. பதினோரு மணிக்குள் அதிகாரி கையில் கொடுத்தால்தான் தெரு பட்டியலில் ஏறும்.

அச்செடுக்கப் போகிற நேரத்தில் கம்ப்யூட்டர் குழைந்தது. "தவமணிம்மா, என்னைப் புதுசா மாத்திக்கட்டுமா? எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

"தவமணியக்கா, வேணாம்! என்னைத் தூக்கிருவாங்க!" என்று உள்ளேயிருந்து கத்தியது எழுதுபலகை.

"சும்மா கெட. நீ யாருக்கு என்ன கெடுதல் பண்ணுன, உன்னைத் தூக்க?" என்ற தவமணி, வழக்கம்போல என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல் 'சரி'யை அமுக்கினாள்.

பாழாய்ப்போன அந்த ஒரு அமுக்கு! திரை இருண்டு, அரைமணி நேரம் சுற்றோ சுற்றென்று சுற்றி, பளபளவென்று திரும்பி வந்தது. எழுதுபலகை இருந்த இடம் துடைத்துவிட்டது போல் கிடந்தது.

"எங்கடா அவன்?"

"அவன் பழசும்மா. யாருக்கும் தேவையில்லைன்னு எடுத்துட்டோம்."

"யாருடா சொன்னது? என்கிட்ட கேட்டியா? என் மனுவைத் திற!"

"மனு பத்திரமா இருக்கும்மா. திறக்கணும்னா பெரிய புரோகிராம் இருக்கு. கடவுச்சொல் வச்சு, வருசச் சந்தா கட்டி..."

தவமணி பேனாவை எடுத்துக் கையாலேயே எழுதத் தொடங்கினாள். பதினேழாவது பெயருக்கு வந்தபோது அதிகாரியின் ஜீப் கிளம்பிப் போய்விட்டது. குழாய் கீழத்தெருவோடு நின்றது.

"இன்னும் எத்தனை வருசம்டி நான் ரெண்டு மைல் குடம் தூக்கணும்?" என்று பேச்சியக்கா அழுதேவிட்டாள்.

தவமணிக்கு வயிறு எரிந்தது. "நல்லதுக்குன்னு சொல்லிக் கழுத்தறுத்த வாய் உனக்கு எதுக்குடா? அது அடைச்சுப் போகட்டும்! இனி நீ காலைப் பிடிச்சுக் கெஞ்சினாலும் ஒருத்தரும் 'சரி'ன்னு சொல்லமாட்டாங்க, போ!"

அந்த வயிற்றெரிச்சல் அப்படியே பலித்தது. அன்று முதல்தான் கம்ப்யூட்டருக்கு வாயில்லை. திரையின் மூலையில் சின்னக் கட்டமாக வந்து நின்று, "புதுப்பிக்கட்டுமா?" என்று ஊமையாகக் கேட்கிறது. நாமும் அன்று முதல்தான், என்ன எழுதியிருக்கிறது என்று பாராமலே 'பிறகு' என்பதை அமுக்குகிறோம்.