கோல் விழும் பக்கம்

மணல்விளைக் கல்லூரிக் கால்பந்து அணி ஏழு கோல் வாங்கித் தோற்ற சனிக்கிழமை மாலை, கிளீட்டஸ் டீக்கடையில் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து தன் ஆசானைத் தேடிப் போனார்.

ஆசான் என்றதும் தாடியும் காவியும் என்று நினைத்துவிட வேண்டாம். ததேயுஸ் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர். கிளீட்டஸுக்கும் அவருக்கும் ஒரே வயது. இதே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாடத்தில் கோட்டை விட்டவர்கள். அந்தக் காலத்தில் ததேயுஸ் கல்லூரி அணியின் தடுப்பு வரிசையில் பேக் ஆடினார். கிளீட்டஸ் மாற்று ஆட்டக்காரர் என்ற பெயரில் படிப்பு முடியும்வரை மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் ஐஸ் கம்பெனி வைத்து நன்றாகவே வந்துவிட்டார். ஆனால் கல்லூரி மேட்ச் என்றால் இருவரும் எந்த வேலையையும் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

ததேயுஸ் அதிகம் பேச மாட்டார். பேசினால் பலித்துவிடும். இந்தப் பயல் இடது காலால் அடிக்கப் போகிறான் என்பார், அவன் இடது காலால்தான் அடிப்பான். ஒரு நாள் கிளீட்டஸ் கிண்டலாக அவரை ‘ஆசானே’ என்று கூப்பிட்டு வைத்தார். அந்தக் கிண்டல் எப்போது கழன்று போனது என்று அவருக்கே தெரியாது. இப்போது கம்பெனிக்கு மோட்டார் வாங்குவதில் தொடங்கி மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது வரை ஆசானைக் கேட்காமல் அவர் ஒரு துரும்பையும் அசைப்பதில்லை.

அந்த வருடம் அணியை என்ன பீடை பிடித்ததோ, எல்லாமே ஒருதலையான ஆட்டங்களாகப் போய்க்கொண்டிருந்தன. முதல் மேட்சில் ஐந்து வாங்கினார்கள். அடுத்ததில் ஆறு. அன்றைக்கு ஏழு. டீக்கடையில் கூடிய ரசிகர் மன்றம் அதை அலசு அலசென்று அலசியது. பேக் ஆடுகிற பையன்களுக்கு விடுதியில் சோறு போதவில்லை என்றார் ஒருவர். எதிரணியில் ஆடுகிறவர்களுக்கு மீசையைப் பார்த்தால் மாணவர்கள் மாதிரியா இருக்கிறது என்று கேட்டார் இன்னொருவர். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் பேச்சு கோல் காக்கும் பையன், கோலி ஜெனில் தலையில் இறங்கியது. ஓட்டை வலையை வைத்துக்கொண்டு மீன் பிடிக்க முடியுமா என்றார் மன்றத்தின் செயலாளர் ஆல்பன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஜெனிலின் அப்பா தூண்டில் போட வள்ளத்தில் போகிறவர். விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, விடுதிச் சோறும் அந்தக் கணக்கில்தான். அணியை விட்டு எடுத்தால் அவன் மறுவாரமே கடலுக்குப் போக வேண்டியதுதான். இது டீக்கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், தெரிந்துதான் பேசினார்கள். உடற்கல்வி ஆசிரியர் பெர்லின் சார், அடுத்த மேட்ச் முடிந்ததும் மன்றத்தின் முடிவைச் சொல்லுங்கள், அதன்படி செய்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பழியை ஏற்றுக்கொள்ள வேறு ஆள் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்கிறவர் அல்ல. மன்றத்தின் தலைவர் கிளீட்டஸ். பையனைப் பற்றிச் சொல்ல வேண்டிய வார்த்தை அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

ததேயுஸ் வீட்டு முற்றத்தில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஆசானே, நம்ம டிஃபென்ஸ்ல எங்க ஓட்ட?”

“நீரு என்ன நினைக்கீரு?”

“கோலியாக்கும்.”

“அவன் ஆடுனத பாத்தீரா?”

“ஏழு விழுந்தத பாத்தேன்.”

ததேயுஸ் ஒரு வாளித் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினார்.

“விழுந்தத பாத்தீரு,” என்றார். “அடுத்த மேட்சுக்கு என் பக்கத்துல வந்து நில்லும்.”

“அப்போ செண்டை?”

“அது அங்கயே கெடக்கட்டு.”

கிளீட்டஸ் தயங்கினார். தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. ரசிகர் மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மேட்ச் தொடங்கும்போது அவர்கள் கிளீட்டஸ் அடிக்கும் செண்டை மேளத்தோடு எதிரணியின் கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நாம் போடும் கோலைக் கண்ணுக்கு நேரே பார்க்க வேண்டாமா? இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும். அப்போது செண்டை, கொடி, கடலைப் பொட்டலம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மன்றமும் மறுபக்கம் மாறும். அணி ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் கிளீட்டஸே தொடங்கி வைத்த ஏற்பாடு இது. அந்த இடத்துக்குக் ‘கோல் விழும் பக்கம்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். இந்த வருடம் கோல் விழுந்ததெல்லாம் எதிர்ப்பக்கத்தில்தான், ஆனாலும் பெயர் மாறவில்லை.

ததேயுஸ் மட்டும் நம் கோலுக்குப் பின்னால் தனியாக நிற்பார். இடைவேளையில் மன்றம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்போது, அவர் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவார். ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை. ஆசான் என்றிருந்தால் கொஞ்சம் கிறுக்கும் இருக்கத்தானே செய்யும்.

அடுத்த சனிக்கிழமை மலையோரத்துக் கல்லூரி ஒன்று ஆட வந்தது. கிளீட்டஸ் செண்டை அடிக்கும் குச்சியை ஆல்பன் கையில் கொடுத்துவிட்டு, மகளைக் கட்டிக்கொடுத்த அப்பா மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஆசானுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அவர் முதலில் கவனித்தது ஜெனிலின் குரலை. பையன் வாயே ஓயவில்லை. ஆஷ்லின், இடது பக்கம் ஆள் இருக்கு. ரெண்டடி பின்னால வா. ஆங், அங்க நில்லு. அதட்டல் இல்லை, பதற்றம் இல்லை. வள்ளத்தின் முன்நுனியில், அணியத்தில் நின்று வழி சொல்கிறவனின் குரல் அது. இந்தப் பையன் ஊமைக் கோட்டான் என்றல்லவா இத்தனை நாள் அவர் நினைத்திருந்தார். அவன் சொன்னபடி பேக்குகள் நின்ற வரைக்கும் பந்து உள்ளே வரவேயில்லை.

பிறகு ஒரு கார்னரில் பந்து தப்பி எதிரணிக்காரன் காலில் விழுந்தது. எட்டிப் பிடிக்கும் தூரத்திலிருந்து அடித்தான். ஜெனில் விரல் நுனியால் தட்டினான், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கிடந்தவன் எழுவதற்குள் எதிரணிக்காரன் மறுபடி அடித்தான். ஜெனில் முழங்காலால் தடுத்தான். மூன்றாவது தடவை பந்தைத் தன் நெஞ்சுக்கும் மண்ணுக்கும் நடுவில் அமுக்கிக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டான்.

கிளீட்டஸ் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னை அறியாமல் கைதட்டினார். மைதானத்தில் அந்த ஒரு ஜோடிக் கைதான் தட்டியது. மறுகோடியில் மன்றத்துக்காரர்கள் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் இங்கே நடப்பது வெறும் தூசி.

“ஆசானே, இத நான் பாத்ததே இல்ல.”

“இன்னும் பாரும்.”

பந்து நம் பையன்கள் காலுக்கு வந்தது. நடுக்கோட்டைத் தாண்டியது. உடனே மறுகோடியில் செண்டை எழும்பியது. முதலில் விட்டு விட்டு, பிறகு நெருக்கி நெருக்கி, கடைசியில் மூச்சு விட இடமில்லாத அடி. கிளீட்டஸ் சொந்தமாகக் கண்டுபிடித்த அடி அது. ஏற்றம் என்று பெயர். கேட்டால் கிழவனுக்கும் கால் நிற்காது என்று ஊரே சொல்லும். இப்போதும் அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டன.

போட்டபடியே ஆஷ்லினைப் பார்த்தார். பேக்குகளில் நடுவில் நிற்க வேண்டியவன் அவன். செண்டை நெருங்க நெருங்க அவன் குதிகால் மண்ணை விட்டு எழும்பியது. ஒரு அடி வைத்தான். பிறகு ஓடியே போய்விட்டான். அவன் போவதைப் பார்த்து இடது பேக்கும் போனான்.

“போகாத,” என்று கத்தினான் ஜெனில். “ஆஷ்லின், நில்லு.”

ஒருவனும் திரும்பவில்லை. இங்கிருந்த கிளீட்டஸுக்கே அந்தக் குரல் பாதிதான் கேட்டது. அங்கே பந்து பறிபோயிற்று. எதிரணிக்காரர்கள் மூன்று பேர் காலி மைதானத்தில் ஓடி வந்தார்கள், ஜெனில் ஒற்றையாக நின்றான்.

அந்த முறை பிடித்துவிட்டான். மறுபடி செண்டை எழுந்தது, மறுபடி பேக்குகள் ஏறினார்கள், மறுபடி ஒற்றையாக நின்றான். அதையும் பிடித்தான். அதற்கடுத்தது வலைக்குள் விழுந்தது. மறுகோடியில் எல்லாரும் தலையில் கை வைத்தது தெரிந்தது.

கிளீட்டஸின் விரல்கள் தொடையில் நின்றுபோயிருந்தன. ஆசான் முகத்தைப் பார்த்தார். ஆசான் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் மன்றம் எதிரே வந்தது. வியர்வை வடிய, பெருமை தாங்காமல், அடி எப்படி என்று கேட்டார் ஆல்பன். நன்றாக இருக்கிறது என்றார் கிளீட்டஸ். வேறு என்ன சொல்வார், அவர் சொல்லிக் கொடுத்த அடியல்லவா.

அன்றைக்கு மொத்தம் ஐந்து விழுந்தது. விழாமல் போனவற்றை எண்ணத் தொடங்கி, கிளீட்டஸ் பாதியில் விட்டுவிட்டார். கடைசி விசில் ஊதியபோது ஜெனில் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து, தன் சட்டையில் மண்ணைத் துடைத்து, நடுவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தான். ஐந்து கோல் வாங்கிய பையனைப் பார்த்து இப்படி ஒரு மரியாதை தனக்குள் எழும் என்று கிளீட்டஸ் கனவிலும் நினைத்ததில்லை.

பெர்லின் சார் மன்றத்தைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“மன்றம் என்ன சொல்லுது? பையன எடுத்துரலாமா?”

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். ஜெனில் சற்றுத் தள்ளிக் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவிழ்த்த கயிற்றையே மறுபடி மறுபடி அவிழ்த்தான்.

“கோலிய தொடாதீங்க சார்,” என்றார் கிளீட்டஸ்.

“அப்போ யார எடுக்க?”

“செண்டைய எடுத்துருங்க. அடுத்த மேட்சுக்கு நாங்க எல்லாரும் இங்க, நம்ம கோலுக்குப் பின்னால நிப்போம். சத்தமில்லாம.”

மன்றம் கொதித்துவிட்டது. செண்டை இல்லாவிட்டால் அது மேட்சா, எழவு வீடா என்று கேட்டார் ஆல்பன். தலைவருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றார்கள். கிளீட்டஸ் எதையும் விளக்கவில்லை, விளக்கத் தெரியவும் இல்லை. இந்த ஒருமுறை நான் சொல்வதைக் கேளுங்கள், ஏழு கோல் விழுந்தால் நானே பையனை வள்ளத்தில் ஏற்றிவிட்டு மன்றத்தையும் விட்டுப் போய்விடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பெர்லின் சாரும் தலையாட்டினார், ஏனென்றால் பழி அப்போதும் இன்னொருவர் தலையில்தான் இருந்தது.

கடைசி மேட்ச் அந்த வருடத்தின் பெரிய அணியோடு. அது அதுவரை யாருக்கும் ஐந்துக்குக் குறைவாகப் போட்டதில்லை. மன்றத்துக்காரர்கள் ஜெனிலின் முதுகுக்குப் பின்னால், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். ஆல்பன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பந்து நடுக்கோட்டைத் தாண்டியது. மைதானம் அமைதியாக இருந்தது. ஆஷ்லின் குதிகாலைத் தூக்கினான். தூக்கியவன் எதற்கோ காத்திருப்பவன்போல ஒரு கணம் அப்படியே நின்றான்.

“நில்லு,” என்றது பின்னாலிருந்து ஜெனிலின் குரல்.

அவன் குதிகாலை இறக்கினான்.

அதன்பிறகு நடந்ததை மணல்விளையில் பலரும் பல விதமாகச் சொல்வார்கள். பெரிய அணி அலை அலையாக வந்தது. ஜெனில் சொன்ன இடத்தில் பேக்குகள் நின்றார்கள். அவர்களைத் தாண்டி வந்ததை அவன் பார்த்துக்கொண்டான். ஒருமுறை முழு நீளத்துக்குப் பறந்து பந்தை வெளியே தள்ளிவிட்டுக் கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டு எழுந்தபோது, ஆல்பன் வாயிலிருந்து நகம் விழுந்தது. இவன் எப்போதிருந்து இப்படி ஆடுகிறான் என்று கேட்டார். அதற்குள் மன்றம் முழுவதும் உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தது. தடுத்ததற்காக அவர்கள் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

கடைசி நேரத்தில் ஒரே ஒரு கோல் விழுந்தது. தோல்விதான். ஆனால் யாரும் தலையில் கை வைக்கவில்லை. பெரிய அணியின் கோலியே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து வந்து ஜெனிலின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பெர்லின் சார், அடுத்த வருடமும் பையன்தான் கோலி என்று யாரும் கேட்காமலே அறிவித்தார்.

ஜெனில் கையுறையைக் கழற்றிக்கொண்டு கிளீட்டஸிடம் வந்தான்.

“மாமா, இன்னைக்குத்தான் என் சத்தம் எனக்கே கேட்டுது.”

கிளீட்டஸ் அவன் தோளைத் தட்டினார். அடிபட்ட தோள், பையன் முகம் சுளித்துச் சிரித்தான்.

வெளியே வரும்போது கிளீட்டஸ் ஆசானோடு நடந்தார். ஸ்கூட்டர் வரைக்கும் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டார்.

“ஆசானே, இத்தன நாளா நீரு இந்தப் பக்கம் நின்னீரு. எல்லாத்தையும் பாத்தீரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?”

ததேயுஸ் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்.

“எல்லா மேட்ச்சுலயும் இந்தப் பக்கம் நின்னு சொன்னேன்,” என்றார். “நீரு செண்டை அடிச்சிட்டிருந்தீரு.”