பெண் வீட்டுப் பேச்சு

“இதுக்கு மேல என்னால எழுத முடியாது சாமி. ஆளை விடுங்க.”

நாச்சிமுத்து ஆறாவது தாளைச் சாமியின் முன் வைத்தார்.

சாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப முடிஞ்சுதா?”

“இல்ல. இன்னொண்ணு எழுதுங்க அண்ணா.”

ஆசிரமத்துக்குக் குரு என்றாலும் சாமி அவரைவிட ஆறு வயது இளையவர். மூத்த சீடர்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணாவைக் கேட்டாலே நாச்சிமுத்துவுக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து நாள் முன்பு ரேணுகா ஆசிரமத்துக்கு வந்திருந்தாள். நாச்சிமுத்துவின் மகள். அவளுடைய ஏழாவது வயதில் வீட்டைவிட்டு இங்கே வந்தவர் அவர். பதினெட்டு வருடம் ஆகிறது.

கிணற்றடியில் நின்ற அப்பாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகையைச் சாமியிடம் நீட்டினாள்.

“மாப்பிள்ளை வீட்டுல ஒரு வழக்கமாம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்கால விருந்துல ரெண்டு பக்கமும் ஒருத்தர் எழுந்து பேசணும். பொண்ணு பக்கம் அப்பா பேசணும்.”

“சரி.”

“எங்கப்பாவை எடுத்துக்கிட்டது நீங்கதானே. நீங்களே வந்து பேசுங்க.”

அவள் போன பிறகு சாமி சொன்னார்: “அந்தப் பொண்ணைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீங்க எழுதிக் குடுங்க. நான் படிச்சுடறேன்.”

முதல் தாளில் நாச்சிமுத்து இல்லறத்தைப் படகு என்று எழுதினார். அடுத்ததில் விளக்கு என்றார். ஐந்தாவதில் மறுபடி படகுக்கே வந்துவிட்டார்.

ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுச் சாமி நான்காக மடித்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு தாளில் கடலைத் தோலை வாரி வெளியே கொட்டிவிட்டு, தட்டி மடித்தார்.

“நல்ல தாள்ல திருத்தமா எழுதித் தரேனே” என்றார் நாச்சிமுத்து.

“எதுக்கு? அடிச்சதோடயே இருக்கட்டும்.”

நாச்சிமுத்துவுக்குக் கூசியது. துறவுக்கு முன் அவர் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவர் என்று பெயர். அடிக்கத்தான் வேண்டுமென்றால் ஒற்றைக் கோடு. அடித்தது என்ன என்று தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் கையில் இருந்தது.

ஏழாவது தாளை விருந்தன்று காலையில் கொடுத்தார்.

“இதுவும் ஆகாதுன்னா நீங்களே ஏதாவது சொல்லிக்குங்க சாமி.”

சாமி அதையும் மடித்துப் பையில் போட்டார். “கிளம்புங்க.”

“நான் எதுக்கு?”

“பையைத் தூக்க ஆள் வேணும்.”

மண்டபத்தில் நாச்சிமுத்து கை கழுவும் இடத்தை ஒட்டிப் பையோடு நின்றார். சாமி முன்வரிசையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் கொடுத்த பால் பாயசத்தை இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தார்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து பேசி முடித்தார். அடுத்து சாமியைக் கூப்பிட்டார்கள். சாமி பின்னால் வந்து பையை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனார்.

ஏழு தாள்களையும் வெளியே எடுத்தார்.

‘ஏழாவது போதும்’ என்று நாச்சிமுத்து தொலைவிலிருந்தே கைஜாடை காட்டினார். சாமி முதல் தாளைப் பிரித்தார்.

“செருப்பை எப்போதும் கால் மாற்றித்தான் போடுவாள்.”

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. படகு எங்கே?

சாமி அடுத்த தாளை எடுத்தார்.

“என் முத்திரை மையில் கட்டைவிரலைத் தோய்த்துச் சுவர் முழுக்க ரேகை வைத்தாள். கேட்டதற்கு, வீடு இனிமேல் தன் பேரில் என்றாள்.”

கூட்டம் சிரித்தது. மேடையில் மாப்பிள்ளை பக்கத்திலிருந்த ரேணுகாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

இந்த மனிதருக்குக் கண் அவிந்துவிட்டதா? கோடு போட்டிருக்கிறேனே! நாச்சிமுத்து தன்னை மறந்து கத்திவிட்டார்:

“சாமி, அது அடிச்சது!”

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. ரேணுகாவின் தலையும்.

“தெரியுது அண்ணா” என்றார் சாமி மைக்கிலேயே. அடுத்த தாளைப் பிரித்தார்.

“ஏழு வயதில் அவளுக்கு முன்பல் இரண்டும் இல்லை. அப்புறம் முளைத்த பல்லை நான் பார்க்கவில்லை.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

மற்ற தாள்களிலும் அடித்திருந்ததை மட்டும் படித்தார். கடைசித் தாள் வந்தது. அதில் அடித்த வரி ஒன்றே ஒன்றுதான்.

“நான் கிளம்பிய காலையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.”

சாமி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. மைக்கை ரேணுகாவின் கையில் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போனார்.

அவள் மைக்கைப் பிடித்தபடி மண்டபத்தின் கடைசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தூங்கலைப்பா” என்றாள். “கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்.”