கரடியம்மா நீச்சல் பழகிய கதை

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அது பெரிய அத்திமரத்தின் கிளை ஒன்றில் நடந்தது. வாத்தியார் ஒரு கருங்குரங்கு. பாடம் ஒன்றே ஒன்றுதான்: கிளைக்குக் கிளை தாவுவது.

அங்கே சடைச்சி என்ற கரடிக்குட்டியைச் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் சடைச்சி தாவினாள். கிளை முறிந்தது. பள்ளிக்கூடமே கிளையில்தான் இருந்தது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? ஆகவே பள்ளிக்கூடமும் கீழே வந்தது. வாத்தியார் இரண்டு மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. இடுப்பு வலி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"உங்க பொண்ணுக்குப் படிப்பு வராதும்மா. கூட்டிட்டுப் போயிடுங்க," என்றார் வாத்தியார்.

சடைச்சியின் அம்மா கருப்பாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் பொண்ணுக்குத் தாவத்தான் வராது. படிப்பு வராதுன்னு யார் சொன்னது? வீட்டுல வச்சு நானே சொல்லித் தர்றேன்," என்று மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு குகைக்குப் போய்விட்டாள்.

அப்பா கரடி எங்கே என்று கேட்காதீர்கள். கரடிகளில் அப்பாக்கள் பிள்ளையோடு தங்குவதில்லை. அது அவர்கள் வழக்கம். நாம் என்ன செய்ய முடியும்?

கருப்பாயி நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தாள். எந்தத் தேன்கூட்டில் கை வைக்கலாம், எதைப் பார்த்தால் திரும்பிப் பாராமல் ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். கரையான் புற்றைத் தோண்டக் கற்றுத் தந்தாள். தோண்டியதும் மண்ணை ஊதித் தள்ள வேண்டும். அப்புறம் மூக்கை இறுக மூடிக்கொண்டு உதட்டைக் குவித்து உறிஞ்ச வேண்டும். மூக்கை மூட மறந்தால் கரையான் மூக்கில் ஏறிவிடும். பிறகு மூன்று நாளைக்குத் தும்மல்தான்.

"மூக்கை மூடுடி, மூக்கை மூடுடி," என்று கருப்பாயி ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். சடைச்சி அதைத் தூக்கத்தில்கூடச் செய்யும் அளவுக்குப் படித்துக்கொண்டாள்.

இப்படியே சடைச்சிக்கு மூன்று வயது ஆகிவிட்டது. கரடிக்கு மூன்று வயது என்றால் நமக்குப் பதினாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். சடைச்சி அம்மா உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்.

"தெரியும்மா."

மழை வரும் போலிருக்கிறது என்றாலும் "தெரியும்மா" தான். உன் காதில் எறும்பு ஊறுகிறது என்றாலும் அதே பதில்தான்.

இப்போது ஒரு சங்கடம் வந்தது. அவர்கள் இருந்த கரையில் புற்றுகள் ஒரு பெரிய கரடிக்குத்தான் காணும். இரண்டு பெரிய கரடிகளுக்குப் போதாது. சென்ற கோடையில் கருப்பாயிக்கு நாற்பது நாள் வயிற்று வலி. "எனக்கு வேணாம், வயிறு சரியில்லே. நீ சாப்பிடு," என்று புற்றை மகளுக்கே விட்டுவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. அந்தப் பக்கத்து மலையில் ஆளில்லாத புற்றுகள் ஏராளம். சடைச்சி ஆற்றைத் தாண்டி அங்கே தங்கிவிட்டால் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு கரையில் வயிறார உண்ணலாம். ஆனால் ஆடி பிறந்தால் ஆற்றில் வெள்ளம் வந்துவிடும். பிறகு ஒரு வருடம் யாரும் தாண்ட முடியாது. அப்போது வைகாசி மாதம்.

கருப்பாயி நீச்சல் பாடத்தை ஆரம்பித்தாள். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஆரம்பித்தாள்.

"கையை இப்படி வீசணும். காலை இப்படி உதைக்கணும். முக்கியமா, பயப்படவே கூடாது."

"அம்மா, நீ எப்பவாவது நீந்தியிருக்கியா?"

"பாடம் நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது."

உண்மை என்னவென்றால், கருப்பாயி இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். முழங்காலுக்கு மேல் ஆற்றுத் தண்ணீரை அவள் பார்த்ததே இல்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை.

"சரிம்மா. நீ நடு ஆத்துக்கு வா, நானும் வர்றேன்," என்றாள் சடைச்சி.

கருப்பாயி அன்றைய பாடத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான் ஆயிற்று. வைகாசி முழுக்கக் கணுக்கால் தண்ணீரிலேயே போய்விட்டது.

விஷயம் காட்டில் பரவியது. நல்ல மனம் படைத்த பிராணிகள் கூடின. 'கருப்பாயிக்குக் கைகொடுக்கும் சங்கம்' என்று ஒரு சங்கம் பிறந்தது. யார் தலைவர் என்று பேச்சு வந்தபோது மயில் தோகையை விரித்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மைனா செயலாளர் ஆயிற்று. பிறகு தலைவருக்கு நன்றி சொன்னார்கள். அதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது.

"பாவம், கருப்பாயி ஒண்டியா மல்லுக்கட்டுறா. நாம அவளுக்கு ஆதரவா இருக்கணும்," என்றது மயில்.

"எப்படிங்க?" என்று கேட்டது மைனா.

"பிள்ளை என்ன படிச்சிருக்குன்னு வாரா வாரம் போய்ச் சோதிக்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். கை இல்லாதவர்கள் சிறகடித்தார்கள்.

மறுநாள் காலையிலேயே தலைவரும் செயலாளரும் குகைக்கு வந்துவிட்டார்கள்.

"சொல்லு பார்ப்போம் பாப்பா. ஆத்துக்கு எத்தனை கரை?" என்றது மயில்.

"ரெண்டு," என்றாள் சடைச்சி.

"எது இக்கரை?"

"நாம எங்கே நிக்கிறோமோ, அது."

"தப்பு. இதுதான் இக்கரை. அதுதான் அக்கரை. எப்பவும்."

மைனா ஒரு காய்ந்த இலையில் அலகால் கொத்திக் குறித்துக்கொண்டது: தேர்ச்சி இல்லை.

பிறகு இருவரும் கருப்பாயிக்கு ஆலோசனை சொன்னார்கள். செல்லம் கொடுக்காதே என்றது மயில். ரொம்பக் கண்டிக்காதே என்றது மைனா. "என் மூத்த குஞ்சு முட்டைக்குள்ளே இருக்கும்போதே கணக்குப் போட்டதாக்கும்," என்றும் சொன்னது. போகும்போது ஆளுக்கு ஒரு கொத்து நாவல்பழம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கருப்பாயி பறித்து வைத்திருந்தது அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் கருப்பாயி எழுந்து நேரே ஆற்றங்கரைக்குப் போனாள். அங்கே பேச்சி என்ற நீர்நாய் இருந்தாள். பேர்தான் பேச்சி, அதிகம் பேச மாட்டாள்.

"பேச்சியக்கா, என் மகளுக்கு நீச்சல் சொல்லித் தருவீங்களா?"

"மாட்டேன்."

கருப்பாயிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏன்க்கா?"

"அவளுக்கு வாத்தியார் நீ. உனக்குச் சொல்லித் தர்றேன், வா."

"எனக்கா? இந்த வயசிலேயா? அவ பார்த்தா என்ன நினைப்பா? அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியலேன்னு நினைக்க மாட்டாளா?"

"இப்போ மட்டும் என்ன நினைக்கிறா?"

கருப்பாயி கால் நகத்தால் மணலைக் கிளறினாள்.

"காலையிலே வா," என்றாள் பேச்சி. "இரை தேடப் போகணுமேன்னு கவலைப்படாதே. உங்க ரெண்டு பேருக்கும் மீன் பிடிச்சு வைக்கிறேன்."

கருப்பாயிக்கு மீன் என்றாலே ஆகாது. இருந்தாலும் மறுநாள் மீனைத் தின்றுவிட்டு ஆற்றில் இறங்கினாள். சடைச்சி கரையில் ஒரு பாறைமேல் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

கருப்பாயி முழங்காலைத் தாண்டினாள். இடுப்பைத் தாண்டினாள். தொபுக்கடீர்! ஆளைக் காணவில்லை. பேச்சி முங்கிப் போய், காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். கருப்பாயி பதினேழு தும்மல் தும்மினாள். சடைச்சி சிரித்த சிரிப்பில் பாறையிலிருந்தே விழுந்துவிட்டாள்.

இரண்டாம் நாளும் தொபுக்கடீர். மூக்கெல்லாம் தண்ணீர். அந்த வழியாக வந்த மயில் நின்று பார்த்தது. "ஆசிரியரே தேர்ச்சி இல்லை," என்றது. மைனா குறித்துக்கொண்டது. சடைச்சி மயிலை முறைத்தாள்.

மூன்றாம் நாள் அம்மா மூழ்கியபோது சடைச்சி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, தலை வெளியே வருகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் கருப்பாயி இருமி இருமிக் கரையில் வந்து உட்கார்ந்தாள். மேற்கே மலையுச்சியில் மேகம் இறங்கியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. மகள் முன்னால் அழக்கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை.

"எனக்கு இது வராதுடி. தெரிஞ்ச மாதிரி உன்கிட்ட ஒரு மாசம் நடிச்சுட்டேன். என்னாலே உன் வருஷம் வீணாப் போகுது."

சடைச்சி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அடுத்த கோடையிலே எத்தனை நாள் வயித்து வலின்னு சொல்லுவே?"

கருப்பாயி திடுக்கிட்டு மகளைப் பார்த்தாள். "அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா," என்றாள் சடைச்சி.

அந்தப் பதிலை அவள் அப்படி மெதுவாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிறகு சடைச்சி கேட்டாள்.

"அம்மா, தண்ணிக்குள்ளே ஏன் மூக்கைத் திறந்து வச்சிருக்கே?"

"பின்னே?"

"புத்துலே உறிஞ்சும்போது மூடுவியே, அப்படி மூடேன். நீதானே ஆயிரம் தடவை சொல்லித் தந்தே."

கருப்பாயி பேச்சியைப் பார்த்தாள். பேச்சி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு அது தானா மூடிக்கும்," என்றாள் பேச்சி. "சொல்லித் தரணும்னு தோணவே இல்லை. உன் பொண்ணு சொல்றதுதான் சரி."

"இதோ பாரும்மா, இப்படி," என்று சடைச்சி தண்ணீரில் இறங்கினாள். மூக்கை மூடினாள், முங்கினாள், எழுந்தாள். "பாத்தியா? இப்போ கையை இப்படி வீசு. நீ சொன்னது அதுவும் சரிதான், ஆனா இவ்வளவு வேகம் வேணாம். நல்லாப் பாரு, இங்கே பாரு." அம்மாவுக்குக் காட்டுகிற மும்முரத்தில் அவள் நடு ஆற்றுக்கே போய்விட்டாள். காலுக்குக் கீழே மண் இல்லை என்பது அவளுக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அப்போதும் மூழ்கவில்லை.

"அடியாத்தீ!" என்று கத்திக்கொண்டு கருப்பாயி மூக்கை மூடியபடி தண்ணீரில் பாய்ந்தாள். பாதி தூரம் போன பிறகுதான் தானும் நீந்துகிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

பேச்சி தனக்குப் பிடித்து வைத்திருந்த மீனைத் தின்ன ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் தினமும் பழகினார்கள். யார் யாருக்கு வாத்தியார் என்று பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. அவர்களுக்கும் புரியவில்லை. அதைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை.

ஆனி மாதத்தின் கடைசி நாள் வந்தது. ஆற்றுத் தண்ணீர் லேசாகக் கலங்கத் தொடங்கியிருந்தது. சங்கத்தார் ஒரு மாலையோடு வந்தார்கள். மாலை தலைவருக்கு.

"இறுதித் தேர்வு," என்றது மயில். "பாப்பா, எது இக்கரை?"

பாப்பா அதற்குள் தண்ணீரில் இருந்தாள். அம்மா அவள் பக்கத்திலேயே நீந்தினாள். நடு ஆற்றில் இழுப்பு அதிகமாக இருந்தது. ஒரு தடவை கருப்பாயி பின்தங்கினாள், சடைச்சி வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை சடைச்சி திணறினாள், கருப்பாயி தோள் கொடுத்தாள். கடைசியில் இரண்டு கரடிகளும் அந்தப் பக்கம் ஏறி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டன.

"இதுதான் இக்கரை!" என்று அங்கிருந்து கத்தினாள் சடைச்சி.

"தப்பு," என்றது மயில். மைனா குறித்துக்கொண்டது.

எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு புற்று நின்றது. சடைச்சி அதைத் தோண்டினாள், மண்ணை ஊதினாள், மூக்கை மூடிக்கொண்டு உறிஞ்சினாள். கருப்பாயி பக்கத்தில் நின்று பார்த்தாள். திருத்திச் சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, விட்டுப் போக மனமில்லாமலும் இருந்தது. அவள் மகளின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, வெள்ளம் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஆற்றில் இறங்கினாள்.

நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா! மூக்கை மூடு!"

"தெரியும்டி!" என்றாள் கருப்பாயி.

அன்று மாலையே சங்கம் கூடியது. சங்கத்தின் இடைவிடாத ஆதரவால்தான் சடைச்சி ஆற்றைக் கடந்தாள் என்று தீர்மானம் நிறைவேறியது. தலைவருக்கு நன்றி சொன்னார்கள். பேச்சி கூட்டத்துக்கு வரவில்லை.

அடுத்த கோடையில் கருப்பாயிக்கு வயிற்று வலி வரவே இல்லை.

நீதி: வீட்டிலே பிள்ளைக்குப் பாடம் சொல்லும் பெற்றோருக்குக் கைகொடுக்க நினைத்தால், பிள்ளையைச் சோதிக்காதே, பெற்றோருக்குத் தெரியாததைப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடு.